கசிவற்ற அன்னை

"அப்போ அந்த அரை மணி நேரம் எங்கேதான் போச்சு?"

"குழந்தை செருப்பு மாட்டிக்கிச்சு சார்."

"செருப்பு மாட்ட அரை மணி நேரமா?"

"ரெண்டு கால் இருக்கே சார்."

நேர அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். எதிரில் நின்றவள் கிண்டல் செய்யவில்லை, நடந்ததைத்தான் சொன்னாள். இடது செருப்பை மாட்டும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம்தான் குழந்தைக்குக் கனவில் வந்த குதிரை ஞாபகம் வந்தது. குதிரைக்குச் செருப்பு உண்டா என்று கேட்டது. லாடம் என்று ஒன்று இருக்கிறது என்று இவள் வாயைக் கொடுத்தாள். அதை எப்படி மாட்டுவார்கள், ஆணி அடித்தால் குதிரை அழாதா, அழுதால் யார் சமாதானம் சொல்வார்கள் என்று பேச்சு வளர்ந்தது. குதிரை சமாதானமான பிறகுதான் வலது செருப்பு.

"குதிரை," என்று அதிகாரி சொல்ல, பக்கத்து மேசை உதவியாளர் அதைத் தட்டச்சு செய்துகொண்டார்.

"நிஜக் குதிரை இல்லைங்க," என்றாள் அவள், பதிவில் தப்பு வந்துவிடக் கூடாதே என்று.

"அது இன்னும் மோசம். நிஜக் குதிரைன்னாலாவது போக்குவரத்து இடைஞ்சல்னு போட்டிருக்கலாம்." அதிகாரி பெருமூச்சு விட்டார். "இங்க பாருங்கம்மா. காலையில உங்க நேரம் பூரா கசியுது. வீட்டு வாசல்ல ஒரு கசிவு, தெருமுனையில ஒரு கசிவு, பள்ளிக்கூட வாசல்ல பெருங்கசிவு. இன்னொரு தடவை ஆபீசுக்கு லேட்டா வந்தீங்கன்னா மலையடி நீரேற்று நிலையத்துக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல. அங்க குவார்ட்டர்ஸ் இருக்கு. வாரக் கடைசியில வீட்டுக்கு வந்து போகலாம்."

"குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாமா சார்?"

"கூடாதும்மா. அங்க மோட்டார் சத்தம் ஜாஸ்தி, குழந்தைங்க காதுக்கு ஆகாது. வாரியத்துக்குக் குழந்தைங்க நலன்தான் முக்கியம்."

அவள் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தாள். கூட இருந்தவர்கள் அவளைக் 'காது' என்று கூப்பிட்டார்கள். தெரு விழிப்பதற்கு முன், விடியற்காலையில், நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது அவள் வேலை. மண்ணுக்குக் கீழே குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கம்பி சொல்லும். அவள் அங்கே சாக்பீஸால் வட்டம் போடுவாள். பின்னால் வருகிற ஆள் வட்டத்தைத் தோண்டுவார். அவருக்குப் பெயர் 'தோண்டி அண்ணன்'. இருபது வருஷமாகப் பள்ளம் தோண்டி வருகிற மனிதர். எதைப் பற்றிப் பேசினாலும் அதையும் கொஞ்சம் தோண்டிப் பார்க்காமல் விடமாட்டார்.

வட்டங்களைப் போட்டுவிட்டு அவள் வீட்டுக்கு ஓடுவாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் இருப்பான். அவன் இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, இவள் வரும்வரை தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பார். குழந்தையை எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மறுபடி அலுவலகம். அங்கே அன்றைய கசிவுகளை வரைபடத்தில் ஏற்ற வேண்டும்.

குழந்தைக்கு ஆறு வயது. அப்பா வைத்த பெயர் 'நத்தை'. நடப்பதில் மட்டும் அல்ல, சொல்வதிலும் நத்தைதான். வகுப்பில் ஒரு பையனுக்குப் பல் விழுந்தது என்பதைச் சொல்ல, அன்று காலையில் தான் கண் விழித்ததிலிருந்து ஆரம்பிக்கும். ஜன்னல், ஜன்னலில் உட்கார்ந்த பூச்சி, பூச்சியின் மீசை, பள்ளிக்கூட மணி எல்லாம் வரிசையாக வந்த பிறகே பல் விழும். நடுவில் யாராவது "அப்புறம் என்ன ஆச்சு?" என்று அவசரப்படுத்தினால், "இரும்மா, கலைஞ்சு போச்சு," என்று மறுபடி கண் விழித்ததிலிருந்து தொடங்கும். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் பல் விழுவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும். பல் விழாமல் நத்தை உள்ளே போகாது. தாயும் மகளும் வாசலில் நின்றுகொண்டே மிச்சக் கதையை முடிப்பார்கள். அதிகாரி சொன்ன பெருங்கசிவு அதுதான்.

வாரியத்தில் நேரத்துக்கென்று தனியாக ஒரு பிரிவு வந்ததற்குக் காரணம் உண்டு. ஊருக்கு அனுப்புகிற தண்ணீரில் பாதி வழியிலேயே மண்ணுக்குள் போகிறது என்று ஒரு குழு கண்டுபிடித்தது. குழாய்கள் அவ்வளவு பழசு. அவற்றை மாற்ற ஆகும் செலவைக் கேட்டதும் இயக்குநருக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் கேட்டார். அலுவலகக் குழாயில் அன்றைக்கு வரவில்லை. ஆனால் கசிவைக் கண்டுபிடிக்கக் குழு வகுத்த முறை மட்டும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அவ்வளவு நல்ல முறையைக் கிடப்பில் போட யாருக்கும் மனம் வரவில்லை. குழாயை விட்டுவிட்டு அதை ஊழியர்கள்மேல் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் காலக் கசிவுத் தடுப்புப் பிரிவு. அதற்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். கட்டடத்துக்குத் தண்ணீர் இணைப்பு இன்னும் வரவில்லை.

முதல் சோதனையிலேயே உண்மை தெரிந்துவிட்டது. வாரியத்தின் நேரம் மிக அதிகமாகக் கசிவது தாய்மார்களிடம். தகப்பன்மார்களையும் நேர்மையாகச் சோதித்தார்கள். அவர்களிடம் பிள்ளைகள் பக்கமாக ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை என்று அறிக்கை பாராட்டியது.

"குழாய்ல தண்ணி ஓடினாத்தானே கசியும்?" என்றார் தோண்டி அண்ணன். இதை அவர் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு சொன்னதால் அறிக்கையில் ஏறவில்லை.

தாய்மார்களுக்குப் பயிற்சி என்று அறிவிப்பு வந்தது. குடும்பத்தையும் வேலையையும் ஒருசேர நடத்துவது எப்படி என்று கற்றுக்கொடுப்பார்களாம். பயிற்சி வேலை நேரத்தில் நடந்தால் வேலை கெட்டுவிடும் என்பதால், குழந்தைகள் வீட்டில் இருக்கும் விடுமுறை நாட்களில் வைத்தார்கள். கூட்டத்தில் ஒரு கணக்காளர், கைக்குழந்தைக்காரி, எழுந்து கேட்டாள்: "இங்க வர்ற நேரத்துல பிள்ளையை யார் சார் பார்த்துக்குவாங்க?"

"அருமையான கேள்வி," என்றார் நேர அதிகாரி. "பயிற்சியோட நாலாவது பகுதியில அதுதான் வருது."

நாலாவது பகுதி நடந்த அன்று கணக்காளர் வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லையாம்.

முதல் நாள் இயக்குநர் பேசினார். உருண்டை முகமும் கனிவான குரலும் கொண்டவர். "தாய்மை என்பது ஒரு புனிதமான குழாய்," என்று ஆரம்பித்தார். "அன்பு அதில் ஓடும் நீர். நீரை யாராவது வேண்டாம் என்பார்களா? நானும் சொல்லவில்லை. சரியான அழுத்தத்தில், சரியான நேரத்தில், வால்வைத் திறந்து கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். நானும் ஒரு தாய்க்குப் பிறந்தவன்தான். என் அம்மா நாள் முழுக்க என் கூடவே இருந்தார். எதற்கும் அவசரமே படமாட்டார். அந்த நேரத்தையெல்லாம் அவர் முறையாகப் பயன்படுத்தியிருந்தால் இன்றைக்கு எவ்வளவு பெரிய நிலைக்கு வந்திருப்பார்! நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது." உண்மையிலேயே அவருக்குக் கண் கலங்கியது. உதவியாளர் கைக்குட்டை கொடுத்தார்.

பயிற்சிக்குத் துணிப் பொம்மைகள் வந்திருந்தன. பொம்மையை அணைத்து, முதுகில் தட்டி, கீழே இறக்கி, சிரித்துக்கொண்டே கதவை நோக்கி நடக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. காது பொம்மையைத் தூக்கியதும் அதன் கால் ஒரு பக்கம் பிரிந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். ஊசி நூல் கிடைக்குமா என்று கேட்டாள். அவளுக்கு மதிப்பெண் குறைத்தார்கள்.

மூன்றாவது பகுதிக்குத் தலைப்பு, 'பிள்ளைகளின் பேச்சைச் சீரமைத்தல்'. நேர அதிகாரியே நடத்தினார். "பிள்ளைங்க பேச்சுல முக்காவாசி வழிநடைதான், சரக்கு கடைசியிலதான் வரும். அதனால ஒரே ஒரு விதி. 'முடிவை முதல்ல சொல்லு.' பல் விழுந்துச்சா? 'பல் விழுந்துச்சு.' முடிஞ்சுது. பூச்சி எதுக்கு, மீசை எதுக்கு?"

காது திடுக்கிட்டாள். மீசையைப் பற்றி இவரிடம் எப்போது சொன்னோம் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. ஏதோ ஒரு விசாரணையில் வாய் தவறி வந்திருக்கும்.

ஆளுக்கொரு வால்வுக் கைப்பிடியும் கொடுத்தார்கள். கிடங்கில் குழாய் இல்லாமல் கைப்பிடி மட்டும் மலையாகக் குவிந்து கிடந்தது. வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் அதைத் திருகி வைக்க வேண்டும். இடது பக்கம் திருப்பினால் அம்மா திறந்திருக்கிறாள். வலது பக்கம் திருப்பினால் அம்மா மூடிவிட்டாள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும் என்று கையேடு சொன்னது.

நத்தைக்கு அது விளையாட்டு மாதிரி இருக்கவில்லை.

"முடிவை முதல்ல சொல்லணுமா?" நத்தை புருவத்தைச் சுருக்கியது. "முடிவு என்னன்னு சொல்லிக்கிட்டே வந்தாத்தானேம்மா எனக்கே தெரியும்?"

காது கதவுப் பக்கம் திரும்பினாள். சுவரில் பித்தளைக் கைப்பிடி பளபளத்தது. மலையடி நிலையத்தின் குவார்ட்டர்ஸை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். ஒரு கட்டில், ஒரு பல்பு, ஓயாமல் இரைகிற மோட்டார். ஆறு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே. அதற்கு இது எவ்வளவோ மேல் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான்டா. அம்மா உன்கூட இருக்கணும்னா இப்படிச் செஞ்சாத்தான் முடியும்."

"இப்படிச் செஞ்சா கூடவே இருப்பியா?"

"கூடவே இருப்பேன்."

நத்தை யோசித்தது. அது ஒப்புக்கொண்ட விதமே தனி. எழுந்து போய், தானே கைப்பிடியை வலது பக்கம் திருப்பிவிட்டு வந்தது.

முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. நத்தை வாயைத் திறந்து, "முடிவு," என்று சொல்லிவிட்டு மேலே எதுவும் வராமல் திணறும். தண்ணீர் வராத குழாய் காற்றை விடுவது மாதிரி இருக்கும். இரண்டாவது வாரம் பிடித்துக்கொண்டது. "முடிவு: வாத்தியார் லீவு." "முடிவு: எனக்குப் பசிக்கல." செருப்பு மாட்டும்போது குதிரைகள் வருவது நின்றது. ஒருநாள் காலையில் இவள் வேலை முடிந்து வந்து பார்த்தால், குழந்தை தானே எழுந்து, தலை வாரிக்கொண்டு, செருப்போடு வாசலில் உட்கார்ந்திருந்தது. வகிடு கோணல்மாணலாக இருந்தது. சரிசெய்யலாம் என்று கை நீட்டினாள். "நேரமாச்சும்மா," என்றது நத்தை.

காது அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வர ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "முன்னல்லாம் ஒரு கேள்வி கேட்டா வகுப்பே முடிஞ்சு போயிரும். இப்ப கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான். இருக்கிற இடமே தெரியல. ரொம்ப சமர்த்து."

இருக்கிற இடமே தெரியவில்லை என்பது காதுக்கு உறுத்தியது. ஆனால் நின்று அதை யோசிக்க நேரம் இல்லை.

புருஷன் சாலையோரத்தில் லாரியை நிறுத்திப் போன் செய்தான். நத்தையிடம் பேசிவிட்டு இவளிடம் வந்தான்.

"என்ன, புள்ள தந்தி அடிக்குது? 'முடிவு: நல்லா இருக்கேன்'ங்குது. நான் அதுகிட்டப் பேசலாம்னு டீயெல்லாம் வாங்கி வச்சிக்கிட்டு உக்காந்தேன். டீ ஆறக்கூட இல்ல, வச்சிட்டுப் போயிருச்சு."

"ஆபீஸ்ல சொல்லிக் குடுத்தது. நல்லதுக்குத்தான்."

"யார் நல்லதுக்கு?"

அதற்குள் லாரிக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவன் வண்டியை எடுக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் ஊரில் தண்ணீர் எங்கே பார்த்தாலும் ஊற்றெடுத்தது. காது உட்படக் கம்பி பிடிக்கத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்களை விடியற்காலையிலும் கூடுதல் பயிற்சிக்கு அழைத்துவிட்டதால் தெருவில் கேட்க ஆளில்லை. கடைவீதியில் நடுரோடு உள்வாங்கி ஒரு ரொட்டி வண்டி பாதி இறங்கிப் போனது. நேர அதிகாரி அசரவில்லை. "தாய்மார்கள்கிட்ட அடைச்ச கசிவு எங்கேயாவது வெளியே வந்துதானே ஆகணும்? குழாய்ல வருது. நம்ம திட்டம் வேலை செய்யுதுங்கறதுக்கு இதைவிட அத்தாட்சி வேணுமா?" இயக்குநர் அதைக் கேட்டு அவர் தோளைத் தட்டினார்.

ஒரு விடுமுறை நாள் மதியம், அபூர்வமாகப் பயிற்சி இல்லை. காது நத்தையைக் குளிப்பாட்டினாள். முழங்காலுக்குக் கீழே சோப்புத் தேய்க்கும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. நீளமான தழும்பு. காய்ந்து, தோல் உரிந்து, புதுத் தோல் ரோஜா நிறத்தில் மினுமினுத்தது.

"இது எப்படிடா?"

"விழுந்துட்டேன்."

"எப்ப?"

"அப்பா போன் பண்ணாருல்ல, அதுக்கு முன்னாடி."

அதற்குள் எத்தனை தடவை குளிப்பாட்டியிருக்கிறாள். இல்லை, நத்தைதான் தானே குளித்துக்கொண்டது. நேரம் மிச்சம் என்று இவளும் விட்டுவிட்டாள்.

"ரத்தம் வந்துச்சா?"

"ம்."

"ஏன்டா அம்மாகிட்ட சொல்லல?"

நத்தை தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டிருந்தது. திட்டப் போகிறாளோ என்று ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா முடிவு வரலம்மா. வலிச்சுக்கிட்டே இருந்துச்சு. முடிவு வந்ததும் சொல்லலாம்னு பார்த்தேன். அப்பறம் ஆறிடுச்சு."

காது சொம்பைக் கீழே வைத்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அன்றைக்கு அதிசயமாகக் குழாயில் நல்ல அழுத்தம். குழந்தையை ஈரத்தோடு தூக்கி மடியில் வைத்துக்கொண்டு குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நத்தை கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டது. பிறகு அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மெதுவாக இறங்கிக்கொண்டது. கையேட்டில் போட்டிருந்தபடியே.

மறுநாள் அவள் கைப்பிடியைச் சுவரிலிருந்து கழற்றி, நேராக நேர அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோனாள்.

"சார், இது வேண்டாம். எனக்குக் கொஞ்சம் கசிவு வேணும்."

"என்னது?"

"கொஞ்சமா இருந்தாக்கூடப் போதும். காலையில பள்ளிக்கூடத்துக்கு நடந்து போற நேரம் மட்டும்."

அதிகாரிக்கு உண்மையிலேயே உதவ ஆசைதான். விதிமுறையைப் புரட்டினார், உதவியாளரையும் புரட்டச் சொன்னார். "கசிவை அடைக்கச் சொல்லி வருவாங்க. குடுங்கன்னு கேட்டு யாரும் வந்ததில்ல. அதுக்கு வழியே போடலையேம்மா. ஏன், என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். தழும்பை, முடிவு வராமல் காத்திருந்ததை, ஆறிப்போனதை எல்லாம். நத்தையின் வழக்கப்படி ஆரம்பத்திலிருந்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது. உதவியாளரிடம் திரும்பி, "எழுதிக்கோப்பா," என்றார்.

"எனக்கு நேரம் குடுப்பீங்களா சார்?"

"நேரமா? உங்களுக்கு விருதே குடுக்கப் போறோம்மா! உங்க பேரு ஏற்கனவே மேலிடத்துக்குப் போயிருச்சு. இதையும் சேர்த்தா மறுபேச்சே கிடையாது."

விருதுக்கு 'கசிவற்ற அன்னை' என்று பெயர். சேதி பரவியதும் தோண்டி அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கசிவே இல்லாதவன்னு உன்னை மேடையில ஏத்திச் சொல்லப் போறாங்களாம்மா? எங்க வீட்டுப் பக்கம் ஒரு பொம்பளையைப் பார்த்து அப்படிச் சொன்னா பெரிய வசவு. நெஞ்சுல ஈரம் இல்லாதவன்னு அர்த்தம். சொன்னவன் சட்டையைப் பிடிச்சிருவாங்க. இங்க என்னடான்னா மாலை போடறான்."

"வேண்டாம்னா மலையடிக்கு மாத்திருவாங்கண்ணே."

அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோண்டப் போய்விட்டார். அவர் ஒரு பேச்சைத் தோண்டாமல் விட்டது அன்றைக்குத்தான்.

விழா புதுக் கட்டடத்தின் கூடத்தில் நடந்தது. மேடையில் தண்ணீர் பாட்டில்கள் இருந்தன, வெளியூரிலிருந்து வாங்கியவை. நத்தை முன்வரிசையில் தையல்காரம்மா மடியருகே கைகட்டி உட்கார்ந்திருந்தது. தையல்காரம்மா தைத்துக் கொடுத்த நீலக் கவுன் தழும்புவரை இறங்கவில்லை.

இயக்குநர் எழுந்தார். "தாய்மார்களே! இதோ நம் முன்னால் நிற்கிறார் ஒரு தாய். ஒரு காலத்தில் இவரிடமிருந்து நேரம் ஆறாகக் கசிந்தது. குதிரைக்காக அரை மணி நேரம் கொடுத்தவர்!" கூடம் சிரித்தது. "இன்றைக்கு? இவருடைய குழந்தை விழுந்தது. ரத்தம் வந்தது. சாதாரணக் குழந்தையாக இருந்தால் என்ன செய்யும்? அம்மா என்று ஓடி வரும். அழும், மடியில் ஏறும், ஊதச் சொல்லும், எப்படி விழுந்தேன் என்று மறுபடி மறுபடி சொல்லும். ஒரு நாளே போய்விடும். ஆனால் இந்தக் குழந்தை, தாயின் நேரத்தில் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளாமல், யாருக்கும் தெரியாமல், தானே ஆறிவிட்டது!"

கைதட்டல் ஓயச் சற்று நேரம் ஆனது. காதுக்கு அது தரைக்கடியில் எங்கோ பெரிய குழாய் வெடித்த சத்தம் மாதிரி கேட்டது. நத்தை குனிந்து தன் முழங்காலைப் பார்த்தது. பிறகு கவுனை இழுத்துத் தழும்பை மூடப் பார்த்தது.

"அந்தச் செல்வத்தை மேடைக்கு அழைக்கிறேன்," என்றார் இயக்குநர். "அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லட்டும்."

நத்தை படி ஏறி வந்தது. ஒலிபெருக்கியைத் தாழ்த்தினார்கள். அது ஒரு விநாடி தன் அம்மாவைப் பார்த்தது. நேரம் இருக்கிறதா என்று கேட்கிற பார்வை. காது தலையை ஆட்டினாள், சொல்லுடா, எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லு என்று. நேரம் இல்லை என்கிறாள் என்று நத்தை அதைத் தவறாகப் புரிந்துகொண்டது.

"முடிவு: அம்மா நல்ல அம்மா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனது.

இயக்குநர் மறுபடி கண்களைத் துடைத்துக்கொண்டார். "பார்த்தீர்களா! ஒரு சொல் வீண் இல்லை. இந்தத் தாயின் அருமையை நாம் மட்டும் அனுபவிப்பது நியாயமா? அடுத்த வாரத்திலிருந்து இவர் நம் கிளைகளுக்கெல்லாம் நேரில் போய்ப் பயிற்சி கொடுப்பார். முதலில், மலையடி நீரேற்று நிலையம்!"

காது திரும்பி நேர அதிகாரியைப் பார்த்தாள். அவர் பூரித்துப் போயிருந்தார். அவள் காதருகே குனிந்து, "பயப்படாதீங்கம்மா, இது மாற்றல் இல்ல, கௌரவம்," என்றார். "தங்கறது மட்டும் அதே குவார்ட்டர்ஸ்தான். அங்க ஏற்கனவே மாத்தல்ல போன நாலஞ்சு தாய்மாருங்க இருக்காங்க. எல்லாரும் அவங்க குழந்தைங்களை நினைச்சு ஓயாம அழுதுக்கிட்டு இருக்காங்களாம். பெருங்கசிவு. நீங்க போனாத்தான் சரியாகும்."

அவள் கையில் கேடயத்தைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். அவள் முகத்தில் என்ன வந்ததோ, படம் எடுத்தவர் இரண்டாவது தடவை சிரிக்கச் சொல்லவில்லை.

விருந்துக்கு இருக்காமல் அவள் வெளியே வந்தாள். கேடயத்தைத் தையல்காரம்மா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் மெதுவா வாங்க. நான் பஸ்ஸுல போயிடறேன்," என்று கிளம்பிவிட்டார்.

தாயும் மகளும் நடந்தார்கள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மூடிய கடையின் படியில் ஒரு நாய்க்குட்டி தன் வாலைத் துரத்திச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்பென்றால் அங்கே கால் மணி நேரமாவது நின்றிருப்பார்கள். நத்தை அதைப் பார்க்காமல் நேராக, ஒரே சீராக நடந்தது. காதுக்கு அதோடு ஈடுகொடுக்கச் சற்று எட்டி வைக்க வேண்டியிருந்தது.

"அம்மா ஊருக்குப் போகணுமாம்டா," என்றாள்.

"கேட்டுச்சு."

"வாராவாரம் வந்துருவேன்."

"சரிம்மா."

"உனக்கு ஒண்ணும் கேக்கணும்னு இல்லையா?"

நத்தை யோசித்துப் பார்த்தது. "இல்லம்மா."

கூடவே இருப்பேன் என்று சொன்னாயே என்று அது கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அழுதிருந்தால், காலைக் கட்டிக்கொண்டு தெருவில் புரண்டிருந்தால், நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் நடைபாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.

நத்தை நாலடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தது. "என்னம்மா? நேரமாச்சு."

"ஆகட்டும். இங்க வா."

நத்தை வந்து எதிரில் நின்றது. நிற்கிற நிற்பிலேயே புறப்பட ஒரு கால் தயாராக இருந்தது. காது அதன் முழங்காலுக்குக் கீழே, ரோஜா நிறத்துப் புதுத்தோலின்மேல், உள்ளங்கையை வைத்தாள். அந்த இடம் மற்ற இடங்களைவிடச் சூடாக இருப்பதுபோல் தோன்றியது.

"நத்தை. நீ அன்னிக்கு விழுந்தியே, அதை அம்மாகிட்ட சொல்லும்மா. முடிவெல்லாம் வேண்டாம். அன்னிக்குக் காலையில நீ எப்படிக் கண்ணு முழிச்சே, அதுலேர்ந்து சொல்லு. ஜன்னல்ல என்ன இருந்துச்சு, அதையும் சொல்லு. நான் நடுவுல எதுவும் கேக்க மாட்டேன். இருட்டினாலும் பரவால்ல, இங்கேயே உக்காந்து கேக்கறேன். சொல்றியாடா?"